ஸ்கூட்டர் பிரேக்: தேய்ந்த பேடையும் ஷூவையும் வீட்டிலேயே மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாபநாசம், வலங்கைமான், திருக்கருகாவூர் பக்கத்தில் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் பிரேக்கைப் பற்றி என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். நான் சொல்லும் அளவும் வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள அளவும் வேறுபட்டால் கையேட்டையே பின்பற்ற வேண்டும்.

என் வண்டியில இருக்கிறது டிஸ்க்கா டிரம்மா? பேடுங்கிறாங்க, ஷூங்கிறாங்க, ரெண்டும் ஒண்ணுதானா?

இரண்டும் வேறு. முன் சக்கரத்தின் பக்கவாட்டில் துளைகளுடன் பளபளக்கும் வட்டத் தட்டும், அதைக் கவ்வியபடி ஒரு சிறு பெட்டியும் தெரிந்தால் அது டிஸ்க் பிரேக். அந்தப் பெட்டிக்குக் காலிபர் என்று பெயர்; அதற்குள் தட்டின் இருபுறமும் இருக்கும் துண்டுகளே பேடு. சக்கரத்தின் நடுப்பகுதி மூடிய வட்டமாக இருந்து, அதன் ஓரத்தில் ஒரு சிறு ஆர்மும் அதை இழுக்கும் கேபிளும் தெரிந்தால் அது டிரம். அதற்குள் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள் இருக்கும். அவற்றின் முதுகில் ஒட்டியிருக்கும் லைனிங்தான் தேய்கிறது.

110, 125 சி.சி. ஸ்கூட்டர்களில் பின் சக்கரம் பெரும்பாலும் டிரம்தான். முன் சக்கரத்தில் விலை குறைந்த வகைக்கு டிரம்மும் அதற்கு மேற்பட்ட வகைக்கு டிஸ்க்கும் வருகின்றன. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்கும்போது வண்டியின் பெயர், வாங்கிய ஆண்டு, முன்னா பின்னா, டிஸ்க்கா டிரம்மா ஆகிய நான்கையும் சேர்த்துச் சொன்னால்தான் சரியான பொருள் கைக்கு வரும்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்தணும்?

கிலோமீட்டர் கணக்கு நம் பகுதிக்கு அவ்வளவாகப் பொருந்தாது என்பதே என் கருத்து. தஞ்சாவூர் நகரத்துக்குள் தார்ச்சாலையில் மட்டும் ஓடும் வண்டியும், வெண்ணாற்றங்கரையில் புல்லுக்கட்டையும் உர மூட்டையையும் ஏற்றிக்கொண்டு ஓடும் வண்டியும் ஒரே தூரத்தைக் கடந்திருந்தாலும், இரண்டாவது வண்டியின் லைனிங் மிகவும் முன்னதாகவே தீர்ந்துபோகும். நடவுக்காலத்தில் டிராக்டரின் கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் வயலிலிருந்து சாலைக்குக் கொண்டுவரும் களிமண் சேறு, டிரம்மின் இடுக்கு வழியாக உள்ளே போய், காய்ந்து மாவாகி, ஷூவையும் டிரம்மையும் சேர்த்தே அராவுகிறது. அறுவடைக்காலத்தில் சாலையில் காயும் நெல்லின் தூசும் வைக்கோல் துணுக்கும் அதோடு சேர்ந்துகொள்கின்றன.

ஆகவே கையேடு சொல்லும் சர்வீஸ் கெடுவைத் தவறவிடாமல் இருப்பதோடு, பருவத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு தை மாதத்தில் ஒரு முறையும், மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-ஐ ஒட்டி ஒரு முறையும் பிரேக்கைப் பார்த்துவிடுவது நல்லது. பார்ப்பது என்றால் மாற்றியே ஆக வேண்டும் என்று பொருளில்லை. அடுத்த பதிலில் உள்ள அளவுகளே அதைத் தீர்மானிக்கும்.

கழட்டாமலே தேய்ஞ்சிருக்கான்னு பார்க்க முடியுமா?

முடியும். டிஸ்க்காக இருந்தால் கைபேசி விளக்கைக் காலிபரின் இடுக்கில் பாய்ச்சிப் பார்த்தால் தட்டை ஒட்டி இரு பேடுகளின் ஓரமும் தெரியும். இரும்புத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் கறுத்த பகுதியே தேயும் பகுதி. பல பேடுகளில் தேய்மானத்தைக் காட்டுவதற்கென்றே ஒரு பள்ளக் கோடு இருக்கும். அந்தக் கோடு மறைந்துவிட்டால் பேடு முடிந்துவிட்டது. கோடு இல்லாத பேடில் 2 மி.மீ. அளவுக்கு வந்தவுடன் மாற்றிவிடுவது என் வழக்கம். இரண்டு பேடும் ஒரே அளவில் தேயாது என்பதால், குறைவாக உள்ளதை வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

டிரம்மில் உள்ளே தெரியாது. அதற்காகவே பெரும்பாலான வண்டிகளில் ஆர்மின் அடியில் ஒரு சிறு அம்புக்குறியும், அருகே டிரம்மின் மூடித்தட்டில் ஒரு முக்கோணக் குறியும் இருக்கின்றன. லீவரை முழுவதுமாக அழுத்திப் பிடிக்கும்போது அம்பு முக்கோணத்துக்கு நேராக வந்துவிட்டால் ஷூவை மாற்ற வேண்டும். லீவரை விட்டுவிட்டுப் பார்த்தால் அம்பு எப்போதும் தள்ளியே நிற்கும். பலர் அப்படிப் பார்த்துவிட்டு ஷூ நன்றாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். சேறு அப்பியிருந்தால் குறியே தெரியாது. முதலில் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும்.

நட்டை ரெண்டு சுத்து இறுக்கினா பிரேக் நல்லாத்தானே பிடிக்குது, அப்புறம் எதுக்கு ஷூவை மாத்தணும்?

என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். உண்மையாகவே ஆபத்தான எண்ணமும் இதுதான். டிரம்முக்குள் கேம் என்ற தட்டையான இரும்பு ஒன்று இரண்டு ஷூக்களின் நுனிகளுக்கு நடுவே இருக்கிறது. லீவரை அழுத்தும்போது ஆர்ம் அதைத் திருப்புகிறது. திரும்பிய கேம் ஷூக்களை இருபுறமும் விரித்து டிரம்மின் மீது அழுத்துகிறது. லைனிங் தேயத் தேய கேம் இன்னும் அதிகமாகத் திரும்பினால்தான் ஷூ டிரம்மைத் தொடும். ஆர்மின் நுனியில் கேபிளை இறுக்கும் அட்ஜஸ்டர் நட்டை இறுக்குவது அந்தத் திருப்பத்தைக் கூட்டித் தருகிறதே தவிர, லைனிங்கைக் கூட்டித் தருவதில்லை.

ஓர் அளவுக்கு மேல் தேய்ந்த ஷூவை இறுக்கிக்கொண்டே போனால் கேம் ஏறக்குறைய நிமிர்ந்து நின்றுவிடும். பலமாக அழுத்தும் ஒரு தருணத்தில் அது மறுபக்கம் புரண்டு, திரும்பி வராமல், சக்கரத்தை அப்படியே பூட்டிவிடக் கூடும். லைனிங் முழுவதும் தீர்ந்து, ஷூவின் அலுமினியம் டிரம்மில் உராய ஆரம்பித்தால் டிரம்மும் கெட்டு, சக்கரத்தோடு சேர்த்து மாற்றும் செலவு வந்துவிடும். இறுக்குவதற்கு நட்டில் மரை மீதம் இருக்கிறது என்பதால் ஷூவிலும் மீதம் இருக்கிறது என்று கொள்ளக் கூடாது.

சரி, எவ்வளவு இறுக்கணும்?

டிரம் பிரேக் லீவரின் நுனி, பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் 10 முதல் 20 மி.மீ. வரை தளர்வாக நகர வேண்டும் என்பது பல கையேடுகளில் உள்ள அளவு. நட்டை அரைச் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் லீவரைப் பிடித்துப் பார்க்க வேண்டும். நட்டின் வளைந்த பள்ளம் ஆர்மில் உள்ள உருளைமீது சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காராமல் விட்டால் வண்டி ஓடும்போது தானாக உட்கார்ந்து அளவு மாறிவிடும். முடித்த பிறகு சென்டர் ஸ்டாண்டில் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்து, உரசல் இல்லை என்பதையும், லீவரை அழுத்தினால் பின்விளக்கு எரிகிறது என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இதையெல்லாம் வீட்டிலேயே செய்யலாமா? என்ன சாமான் வேணும்?

டிஸ்க் பேடு மாற்றுவது, நிதானமாகச் செய்யும் எவருக்கும் கைவரும் வேலை. டிரம் ஷூ மாற்றுவதற்குச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும் என்பதால், சரியான பாக்ஸ் ஸ்பேனர் இருந்தால் மட்டுமே இறங்க வேண்டும். பிரேக் ஆயில் குழாய், லீவரின் அருகே ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டர், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். ஆகியவற்றில் வீட்டில் கை வைக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

8, 10, 12, 14 எண் ஸ்பேனர்கள், 5, 6 எண் எல்-கீ, ஆக்சில் (சக்கரத்தின் அச்சு) நட்டுக்கு ஏற்ற பாக்ஸ் ஸ்பேனர், நீளமான கைப்பிடி, பழைய பருத்தித் துணி, பிரேக் கிளீனர், வெப்பம் தாங்கும் கிரீஸ் கொஞ்சம், முகக்கவசம் ஆகியவை போதும். மண் தரையில் செய்யாதீர்கள். சிமெண்டுத் தளமோ திண்ணையின் முன்புறமோ இருந்தால், கீழே விழும் சிறு ஸ்பிரிங்கும் தொலையாது, சென்டர் ஸ்டாண்டும் புதையாது.

டிஸ்க் பேடு மாத்துறதை வரிசையாச் சொல்லுங்க.

முதலில் ஹேண்டில்பாரில் உள்ள பிரேக் ஆயில் கிண்ணத்தின் கண்ணாடியைப் பாருங்கள். ஆயில் மேல் கோடு வரை இருந்தால், காலிபருக்குள் பேடைத் தள்ளும் உருளையான பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அது பொங்கி வழியலாம். பிரேக் ஆயில் பெயின்டைத் தின்றுவிடும் என்பதால் கிண்ணத்தைச் சுற்றித் துணி கட்டிவிட வேண்டும். அதன் பின், காலிபர் வண்டியில் இருக்கும்போதே பேடைத் தாங்கும் ஊசியைச் சற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள். காலிபரைக் கையில் எடுத்த பிறகு அதைத் தளர்த்துவது கடினம். காலிபரின் இரண்டு போல்ட்டுகளையும் கழற்றி, அதைக் குழாயில் தொங்கவிடாமல் ஒரு கயிற்றால், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கோடு கட்டி வைக்க வேண்டும். பேடை எடுக்கும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால், உள்ளே இருக்கும் மெல்லிய ஸ்பிரிங் தகடு எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்ற குழப்பம் பிறகு வராது.

ஊசியை உருவியதும் பேடுகள் வந்துவிடும். தெரியும் அளவுக்கு பிஸ்டனைத் துடைத்துவிட்டு, பழைய பேடையே பிஸ்டன்மேல் வைத்து, தட்டையான மரத்துண்டால் மெதுவாக, கோணாமல் அழுத்துங்கள். அழுக்கோடு தள்ளினால் அந்த அழுக்கு ரப்பர் சீலைக் கிழிக்கும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பக் கூடாது. காலிபர் நகரும் ஊசிகளில் பழைய கிரீஸ் காய்ந்திருந்தால் துடைத்து, புதிதாக மெல்லியதாகத் தடவலாம். பேடிலோ தட்டிலோ ஒரு பொட்டுகூடப் படக் கூடாது. தட்டின் குறைந்தபட்சக் கனம் பெரும்பாலும் தட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் புதுப் பேடு போட்டும் பயனில்லை.

புதுப் பேடுகளை மாட்டி, போல்ட்டுகளை இறுக்கிய பிறகு, வண்டியைக் கிளப்பும் முன் லீவரைப் பல முறை அழுத்தி விட வேண்டும். முதல் சில அழுத்தங்களில் லீவர் கைப்பிடி வரை சும்மா போகும். பிஸ்டன் வெளியே வந்து பேடைத் தொட்ட பிறகே கெட்டியாகும். இதைச் செய்யாமல் தெருமுனைக்குப் போனால், முதல் முறை பிடிக்கும்போது பிரேக்கே இருக்காது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் தாண்டிவிடும். அதேபோல் பேடு வெளியே இருக்கும்போது யாரும் லீவரை அழுத்திவிடக் கூடாது. பிஸ்டன் வெளியே வந்துவிடும். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் லீவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஒரு துண்டுக் கட்டையைச் செருகி வையுங்கள்.

பின் சக்கரத்தைக் கழட்டுறதுதான் பயமா இருக்கு. சைலன்சரையும் எடுக்கணுமாமே?

பல ஸ்கூட்டர்களில் பின் ஆக்சில் நட்டு வலப்புறம், சைலன்சருக்குப் பின்னால் இருப்பதால் சைலன்சரைக் கழற்றித்தான் ஆக வேண்டும். வண்டி ஓடி நின்ற சூட்டில் தொடாதீர்கள். முழுவதும் ஆறிய பிறகு, இன்ஜினுக்கு அடியில் உள்ள இரண்டு நட்டுகளையும் பக்கவாட்டு போல்ட்டுகளையும் கழற்றுங்கள். இன்ஜின் வாயில் இருக்கும் வளையக் கேஸ்கெட்டைத் திரும்பவும் பயன்படுத்தாமல் புதிது போட வேண்டும்; இல்லையென்றால் புகை கசிந்து படபடவென்று சத்தம் வரும். துருப்பிடித்த நட்டை முரட்டுத்தனமாகத் திருப்பினால் இன்ஜினில் உள்ள மரைத்தண்டு ஒடியும். முந்தைய நாள் இரவே துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிடலாம், ஆனால் அது டிரம் பக்கம் தெறிக்காமல் துணியால் மறைத்துக்கொள்ளுங்கள்.

ஆக்சில் நட்டு பல வண்டிகளில் 100 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்கப்பட்டிருக்கும். அதாவது ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் 10 கிலோ எடையைத் தொங்கவிடும் விசை. எனவே ஒருவர் பின் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொள்ள, மற்றவர் நீளக் கைப்பிடியால் தளர்த்த வேண்டும். நட்டு தளர்ந்ததும் அட்ஜஸ்டர் நட்டையும் தளர்த்தி, வண்டியின் அடியில் மரக்கட்டை கொடுத்து, சக்கரத்தை நேராக உருவினால் ஷூக்கள் இரண்டும் இன்ஜின் பக்கத்திலேயே நிற்பது தெரியும். டிரம் சக்கரத்தோடு வந்துவிடும். டிரம்மின் உள்விட்டம் பெரும்பாலும் 120 அல்லது 130 மி.மீ.; எவ்வளவு வரை தேயலாம் என்ற எண்ணைப் பெரும்பாலும் உள்ளேயே பொறித்திருப்பார்கள். விரலால் தடவிப் பார்த்தால் வாய் ஓரத்தில் திட்டு மேடாகத் தட்டுப்பட்டால், அளந்து பார்த்த பிறகே புது ஷூ போட வேண்டும்.

இரண்டு ஷூக்களையும் இரு கைகளால் பிடித்து வெளிப்புறமாக மடக்கினால், ஸ்பிரிங்குகளோடு சேர்ந்தே கழன்று வரும். மடக்கும்போது ஸ்பிரிங் தெறிக்கக் கூடும் என்பதால் முகத்தைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம். கேமையும் எதிர்ப்புற ஊசியையும் துடைத்து, ஷூ அமரும் இடத்தில் மட்டும் நகக்கண் அளவு கிரீஸ் தடவுங்கள். புது ஷூக்களில் ஸ்பிரிங்கை மாட்டி, அதேபோல் மடக்கி, இரு முனைகளையும் கேமிலும் ஊசியிலும் உட்காரவைத்து அழுத்தினால் படுத்துவிடும். ஸ்பிரிங் இழுவை விட்டிருந்தால் அதையும் மாற்றுங்கள்; ஷூ திரும்பி வராமல் உரசிக்கொண்டே இருப்பதற்கு அதுவே பாதிக் காரணம். கடைசி இறுக்கத்துக்கு, விசையை அளந்து இறுக்கும் டார்க் ஸ்பேனர் இல்லாதவர்கள், நட்டைப் பலமாக இறுக்கிவிட்டு, பக்கத்திலுள்ள மெக்கானிக் கடைக்கு மெதுவாகச் சென்று சரியான அளவுக்கு இறுக்கித் தரச் சொல்ல வேண்டும். அதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

முன் சக்கரமும் டிரம்தான். அதுக்கும் இதே மாதிரிதானே?

ஷூ மாட்டும் விதம் ஒன்றே. ஆனால் முன் சக்கரத்தில் ஷூக்களைத் தாங்கும் மூடித்தட்டு சக்கரத்தோடு கழன்று வருகிறது. திரும்ப மாட்டும்போது அந்தத் தட்டில் உள்ள பள்ளம் ஃபோர்க்கில் உள்ள காதோடு சரியாகப் பொருந்த வேண்டும். பொருந்தாமல் ஆக்சிலை இறுக்கிவிட்டால் பார்வைக்கு எல்லாம் சரியாகவே தெரியும். பிரேக் பிடித்தவுடன் தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுழன்று, கேபிளைப் பிடுங்கி, முன் சக்கரத்தைப் பூட்டிவிடும். இந்தப் பக்கம் முழுவதிலும் ஒன்றே ஒன்றை மட்டும் இரண்டு முறை சரிபார்க்கச் சொல்வதானால் இதைத்தான் சொல்வேன். ஸ்பீடாமீட்டர் கேபிள் உள்ள வண்டியானால் அதன் நுனியும் பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரம்முக்குள்ள இருக்கிற தூசியை ஊதித் தள்ளிடலாமா? வாய்க்கால்லதான் வண்டி கழுவுறோம், அங்கேயே கழுவிடலாமே?

ஊதவும் கூடாது, காற்று அடிக்கவும் கூடாது. வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் இந்தியாவில் முழுமையாகத் தடை செய்யப்படவில்லை. மலிவான லைனிங்கில் என்ன கலந்திருக்கிறது என்பது வெளியில் பார்த்துத் தெரியாது. அது கலக்காத லைனிங்கின் தூசியும் நுரையீரலுக்கு நல்லதில்லை. முகக்கவசம் அணிந்து, ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியை ஒரு பையில் கட்டிக் குப்பையில் சேர்க்க வேண்டும்.

வாய்க்காலிலும் படித்துறையிலும் பிரேக் தூசியையும் கிரீஸையும் கரைக்க வேண்டாம் என்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன். அதே தண்ணீரில்தான் கீழே மாடு குடிக்கிறது, மனிதர் குளிக்கிறார்கள், வயல் பாய்கிறது.

பழைய ஷூவை உப்புத்தாள்ல தேய்ச்சுப் போட்டாலே பிடிக்கும்னு சொல்றாங்களே?

லைனிங்கில் போதிய கனம் இருந்து, மேற்பரப்பு மட்டும் சூட்டில் கண்ணாடிபோல் மினுக்கம் ஏறியிருந்தால், உப்புத்தாளால் லேசாகத் தேய்ப்பது சரியான வைத்தியம். முந்தைய பதிலில் சொன்ன தூசி எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். நனைத்துத் தேயுங்கள், நன்றாகக் காய்ந்த பின் மாட்டுங்கள். தேய்ந்து தீர்ந்த ஷூவையும் எண்ணெய் ஊறிய ஷூவையும் தேய்த்துப் பயனில்லை.

ஒரு பக்கம்தான் தேய்ஞ்சிருக்கு, அதை மட்டும் மாத்தினா போதாதா?

ஒரே சக்கரத்தில் உள்ள இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். டிரம்மில் சக்கரம் சுழலும் திசையில் தள்ளப்படும் ஷூ இயல்பாகவே அதிகம் தேயும்; அது கோளாறு இல்லை. டிஸ்க்கில் ஒரு பேடு மட்டும் மிகவும் தேய்ந்திருந்தால், காலிபர் ஊசி இறுகி நகராமல் போயிருக்கலாம் என்று பார்க்க வேண்டும். முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை.

புது ஷூ போட்டும் முன்னே மாதிரி பிடிக்கலையே, ஏமாத்திட்டாங்களா?

பெரும்பாலும் இல்லை. புது லைனிங்கின் முழுப் பரப்பும் டிரம்மிலோ தட்டிலோ படிய 200, 300 கி.மீ. ஓட வேண்டும். அதுவரை முன் வண்டியிலிருந்து கூடுதல் இடைவெளி விட்டு, வெறிச்சோடிய சாலையில் 30, 40 கி.மீ. வேகத்திலிருந்து மிதமாகப் பிடித்துப் பிடித்து ஓட்டுங்கள். ஒரே மூச்சில் நீளமாக அழுத்திக்கொண்டு போனால் மினுக்கம் ஏறிவிடும். அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால், லைனிங்கில் கிரீஸ் பட்டதா, டிரம் அளவுக்கு மீறித் தேய்ந்ததா, கேபிள் இழை பிரிந்து உறைக்குள் சிக்குகிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள்.

மழையில முழங்கால் தண்ணியில போயிட்டு வந்தேன், பிரேக்கே பிடிக்கலை. ஷூ போயிடுச்சா?

டிரம்முக்குள் தண்ணீர் புகுந்தால் அது உடனே வெளியேறாது. லைனிங்குக்கும் டிரம்முக்கும் நடுவே நின்று வழுக்கும். தண்ணீரைத் தாண்டியதும், பின்னால் வண்டி வராத இடத்தில் மெதுவாக ஓட்டியபடி இரண்டு பிரேக்கையும் லேசாகப் பிடித்துப் பிடித்து விட்டால், உராய்வின் சூட்டில் காய்ந்து பழைய பிடிப்பு வந்துவிடும். வராவிட்டால் ஓட்டுவதை நிறுத்த வேண்டும். களிமண் கலந்த வெள்ளத்தில் போயிருந்தால், அன்று பிடித்தாலும் அந்த வாரத்திலேயே டிரம்மைத் திறந்து துடைத்துவிடுங்கள்.

இன்னொன்று: நனைந்த வண்டியை இடது லீவரின் பூட்டைப் போட்டு நாட்கணக்கில் நிறுத்தாதீர்கள். டிரம் துருப்பிடித்து லைனிங் அதோடு ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டே போதும். நம் பகுதியில் வண்டி உருண்டு ஓடும் மேடு ஆற்றுக்கரைச் சரிவிலும் பாலத்தடியிலும்தான் இருக்கிறது.

காலையில முதல் தடவை பிடிக்கும்போது மட்டும் கிறீச்சுன்னு சத்தம் வருது.

ஈரக் காற்றில் ஓர் இரவு நின்றாலே டிஸ்க் தட்டில் மெல்லிய துரு படியும். நான்கைந்து முறை பிடித்ததும் துடைபட்டு அடங்கும். நாள் முழுவதும் சத்தம் இருந்தாலோ, இரும்போடு இரும்பு உரசும் கரகரப்பாக இருந்தாலோ, அன்றே பேடைப் பாருங்கள். வைக்கோல் ஆக்சிலில் சுற்றியிருந்தாலும் உரசல் சத்தம் வரும். கத்தியால் அறுத்து எடுத்துவிடலாம்.

பிரேக் ஆயில் குறைஞ்சிருக்கு. வாங்கி ஊத்திடலாமா?

முதலில் பேடைப் பாருங்கள். பேடு தேயத் தேய பிஸ்டன் வெளியே வந்து, அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்குவதால், கண்ணாடியில் மட்டம் குறைவது இயல்பு. தேய்ந்த பேடோடு நிரம்ப ஊற்றிவிட்டு, பிறகு புதுப் பேடு போட்டால், முன்பே சொன்னபடி பொங்கி வழியும். பேடு நன்றாக இருந்தும் மட்டம் இறங்கினால் எங்கோ கசிகிறது. அது மெக்கானிக் பார்க்க வேண்டியது.

ஊற்றுவதானால் கிண்ண மூடியில் எழுதியிருக்கும் வகையை மட்டும், புதிதாகப் பிரித்த புட்டியிலிருந்து ஊற்ற வேண்டும். டாட் 3, டாட் 4 ஆயில்கள் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4-க்குப் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டிய கொதிநிலை, ஈரம் ஏறிய நிலையில் 155 டிகிரி வரை இறங்கலாம். அதனால்தான் பேடு தேயாவிட்டாலும் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். லீவர் பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. அந்த வண்டியை ஓட்டாமல் சரிசெய்ய வேண்டும்.

இடது லீவரைப் பிடிச்சா முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்குது. கோளாறா?

இல்லை. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி. வரையிலான புதிய இருசக்கர வண்டிகளில் சி.பி.எஸ். என்ற கூட்டுப் பிரேக்கோ ஏ.பி.எஸ்.ஸோ கட்டாயமாக்கப்பட்டது. கூட்டுப் பிரேக்கில் இடது லீவர் பின் சக்கரத்தோடு முன் சக்கரத்துக்கும் ஒரு பங்கு விசையை அனுப்புகிறது. இப்படிப்பட்ட வண்டியில் பின் நட்டை மட்டும் இறுக்குவதும் தளர்த்துவதும் அந்தப் பங்கீட்டைக் கெடுக்கும். எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி வேறுபடுவதால், கையேட்டில் உள்ள வரிசையை மாற்றக் கூடாது.

ஷூ மாத்தி ரெண்டு மாசம்கூட ஆகலை, பின் பிரேக் திரும்பவும் வழுக்குது. ஏன்?

எண்ணெய் பட்டிருக்கும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. பின் சக்கரத்தின் பக்கத்திலேயே கியர் ஆயில் அறை இருக்கிறது. அதன் சீல் கிழிந்தால் ஆயில் ஆக்சில் வழியாக டிரம்முக்குள் இறங்கும். ரிம்மின் உட்புறத்திலோ டயரின் ஓரத்திலோ எண்ணெய்க் கறை தெரிந்தால் இதுதான் காரணம். சீலை மாற்றாமல் ஷூவை மட்டும் மாற்றினால் அந்தப் பணம் வீண். கறை டயரில் இருந்தால் அதையும் துடைத்தாக வேண்டும், வளைவில் வழுக்கும்.

மற்றொன்று, வாட்டர் சர்வீஸில் துருப்பிடிக்காமல் இருக்க அடியில் டீசல் அடிப்பது. கழுவக் கொடுக்கும்போதே சக்கரத்தின் பக்கம் டீசல் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எண்ணெய் ஊறிய லைனிங்கைத் துடைத்தாலும் எரித்தாலும் அது பழைய நிலைக்கு வராது.

நாங்க வேதாரண்யம் பக்கம். எல்லாமே துருப்பிடிச்சுப்போகுது, பிரேக் மட்டும் தப்புமா?

உப்பளக் காற்றில் பேடு தேய்வதற்கு முன்பே நகரும் பாகங்கள் இறுகிவிடுகின்றன. டிஸ்க்கில் காலிபர் ஊசியும், டிரம்மில் கேமின் தண்டும் முதலில் இறுகும். லீவரை விட்ட பிறகும் ஆர்ம் உடனே திரும்பி வராமல் சோம்பி வந்தால் கேம் துருவேறியிருக்கிறது என்று கொள்ளலாம். நாகப்பட்டினத்திலிருந்து கோடியக்கரை வரை கடலோரத்தில் இருப்பவர்கள், மேலே சொன்ன இரண்டு பருவங்களுக்கு நடுவிலும் ஒரு முறை கழற்றித் துடைத்து, கிரீஸ் புதுப்பிப்பது அவசியம்.

எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு இதெல்லாம் வேண்டாம்தானே?

மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரத்தைத் திரும்பச் சேமிக்கும் வசதி உள்ள வண்டிகளில் பேடு மெதுவாகத்தான் தேயும். ஆனால் குறைவாகப் பயன்படும் பிரேக்கில் துரு அதிகம் ஏறும். வேலை செய்யும் முன் சாவியை அணைத்து எடுத்துவிடுங்கள். தவறுதலாக ஆக்சிலரேட்டரைத் திருப்பினால் சத்தமே இல்லாமல் சக்கரம் சுற்றும்.

பழைய வண்டி ஒண்ணு பார்த்திருக்கேன். அம்புக்குறி நல்லாத்தான் இருக்கு, நம்பலாமா?

அதை மட்டும் நம்ப வேண்டாம். ஷூ தேய்ந்த வண்டியில், ஆர்மைத் தண்டிலிருந்து கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டினால், நட்டில் மீண்டும் இறுக்க இடம் கிடைத்துவிடும். அம்புக்குறி தனித் தகடாகத் தண்டில் ஒரே நிலையில் மட்டும் அமரும் வண்டிகளில் இதனால் குறி மாறாது. அம்பு ஆர்மிலேயே இருக்கும் வண்டிகளில் குறி பொய் சொல்லும். தண்டின் நுனியிலும் ஆர்மிலும் புள்ளியோ கோடோ இருந்தால், இரண்டும் நேருக்கு நேர் இருக்கின்றனவா என்று பாருங்கள். லீவரை முழுவதும் அழுத்தும்போது ஆர்மும் கேபிளும் ஏறக்குறைய செங்கோணத்தில் சந்திக்க வேண்டும். ஆர்ம் அதைத் தாண்டி வெகுதூரம் சாய்ந்தால் உள்ளே லைனிங் மீதமில்லை.

விற்பவர் சம்மதித்தால் பின் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தே விலை பேசுங்கள். சம்மதிக்காவிட்டால் இரு சக்கரங்களின் ஷூ, டிரம், கேபிள் ஆகியவற்றுக்கான செலவை விலையில் கழித்துப் பேசி, வாங்கிய வண்டியை வீட்டுக்கு ஓட்டிச் செல்லும் முன் அருகிலுள்ள கடையில் பிரேக்கைத் திறந்து பார்த்துவிடுங்கள்.